கையெழுத்துப் போடும் சிஸ்டர்!



மூணு நாளா காய்ச்சல். தொண்டை கரகரன்னு இருக்கு. கிளினிக் போறீங்க. வெள்ளை கோட்டு, கழுத்துல ஸ்டெதாஸ்கோப்போட ஒருத்தர் வர்றாங்க. 'எப்போலேருந்து இருக்கு? சாப்பிட முடியுதா? வேற ஏதாவது மாத்திரை எடுக்கிறீங்களா?'ன்னு பொறுமையா கேட்கிறாங்க. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பார்க்கிறாங்க. முதுகுல ஸ்டெத் வெச்சு மூச்சை இழுத்து விடச் சொல்றாங்க. ஒரு டெஸ்ட் எடுக்கிறாங்க. ரிசல்ட்டைப் பார்த்துட்டு மருந்து எழுதி, கீழே கையெழுத்தும் போடுறாங்க. 'தேங்க்யூ டாக்டர்'னு நீங்க எழுந்திருக்கும்போது, 'நான் டாக்டர் இல்லைங்க, நர்ஸ்'ங்கிறாங்க.

நம்ம ஊர்ல இப்படி நடந்தா, 'என்ன காமெடியா?'ன்னுதான் கேட்போம். அமெரிக்காவில் இது தினம் நடக்கிற விஷயம். அவங்களுக்குப் பேரு நர்ஸ் பிராக்டிஷனர். சுருக்கமா என்.பி. 2023 கணக்குப்படி அங்கே லைசென்ஸ் வாங்கின என்.பி.க்கள் 3,85,000 பேருக்கும் மேலே!

நம்ம 'ரூட்டு வேற' பகுதியில் இந்த வாரம் அவங்களைத்தான் பார்க்கப் போறோம். என்ன படிக்கிறாங்க, வேலை எப்படி இருக்கும், சம்பளம் எவ்வளவு... எல்லாம் உண்டு. ஆனா, இதைப் பத்திப் படிக்கப் படிக்க என்னை ரொம்ப யோசிக்க வெச்சது அந்தக் கடைசி மேட்டர்தான். கையெழுத்து! மருந்துச் சீட்டுக்குக் கீழே யார் பேர் இருக்கலாம்ங்கிற ஒரு விஷயத்துக்காக அங்கே அறுபது வருஷமா மல்லுக்கட்டு நடக்குது. அது நம்ம ஊருக்கும் வந்தாச்சு. விஷயத்துக்குப் போலாமா?

டாக்டர் வராத ஊர்ல ஆரம்பிச்ச கதை

வருஷம் 1965. இடம் கொலராடோ மாநிலம். மலையும் பண்ணையுமா பரந்து கிடக்கிற பூமி. டாக்டருக்குப் படிச்சவங்க எல்லாம் ஸ்பெஷலிஸ்ட் ஆகி நகரத்தில் செட்டிலாகிட்டாங்க. கிராமத்துக் குழந்தைக்குக் காய்ச்சல்னா, போய்ப் பார்க்கிறது பப்ளிக் ஹெல்த் நர்ஸ்தான். ஆனா, அவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்ல அதிகாரம் கிடையாது. 'இது இன்ன நோய், இன்ன மருந்து கொடுங்க'ன்னு சொன்னா அது டாக்டர் வேலை!

அப்படி ஊர் ஊராப் போயிட்டிருந்த ஒரு நர்ஸ், லொரெட்டா ஃபோர்டு. ரெண்டாம் உலகப் போரில் ராணுவ நர்ஸா இருந்தவங்க. பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினாங்க. அங்கேயே இருந்த குழந்தை டாக்டர் ஹென்றி சில்வரும் இவங்களும் சேர்ந்து 1965-ல் ஒரு படிப்பைத் தொடங்கினாங்க. ஏற்கெனவே நர்ஸா இருக்கிறவங்களுக்கு, குழந்தையை முழுசாப் பரிசோதிக்க, வளர்ச்சியைக் கணிக்க, சாதாரண நோய்களைக் கண்டுபிடிச்சுக் கவனிக்கச் சொல்லிக் கொடுக்கிற படிப்பு. உலகத்தின் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் கோர்ஸ் அதுதான்.

டாக்டர்கள் எதிர்த்திருப்பாங்கன்னு நீங்களே யூகிச்சிருப்பீங்க. ஆனா, நர்சிங் பேராசிரியர்களும் எதிர்த்தாங்க! 'நர்சை அரைகுறை டாக்டர் ஆக்கப் பார்க்கிறீங்களா?'ங்கிறது அவங்க கோபம். ஃபோர்டு அசரலை. இது டாக்டர் வேலையைத் திருடுறது இல்லை, நர்ஸ் வேலையை அதோட முழு அளவுக்குச் செய்யறதுன்னு வாதாடினாங்க.

அதே 1965-ல் அமெரிக்க அரசு ரெண்டு பெரிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களைச் சட்டமாக்குச்சு. வயசானவங்களுக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிக்எய்டு. அதுவரை காசில்லாம வீட்டிலேயே இருந்தவங்க எல்லாம் கிளினிக் வாசலுக்கு வந்தாங்க. பார்க்க ஆள் வேணுமே! என்.பி.க்குக் கதவு திறந்தது இப்படித்தான். ஃபோர்டு 2025 ஜனவரியில், 104-வது வயசில் காலமானாங்க. ஒரு காலேஜில் ஆரம்பிச்ச விஷயம் லட்சக்கணக்கான பேரோட வேலையா மாறினதைக் கண்ணால பார்த்துட்டுத்தான் போனாங்க.

85-வது கேள்வியில் கம்ப்யூட்டர் நின்னா?

சரி, என்.பி. ஆக என்ன பண்ணணும்? முதல் படி, நாலு வருஷ நர்சிங் டிகிரி. அதை முடிச்சதும் 'என்க்ளெக்ஸ்'னு ஒரு பரீட்சை. இதில் பாஸ் பண்ணினாத்தான் ரெஜிஸ்டர்டு நர்ஸ்.

இந்தப் பரீட்சை இருக்கே, நம்ம இன்ஜினீயரிங் மூளைக்குச் செம தீனி! எல்லோருக்கும் ஒரே கொஸ்டின் பேப்பர் கிடையாது. நீங்க சரியா பதில் சொன்னா கம்ப்யூட்டர் அடுத்த கேள்வியைக் கொஞ்சம் கஷ்டமா கொடுக்கும். தப்பா சொன்னா கொஞ்சம் ஈஸியா கொடுக்கும். இப்படியே உங்க லெவல் எங்கே இருக்குன்னு தேடிக்கிட்டே போகும். குறைந்தபட்சம் 85 கேள்வி, அதிகபட்சம் 150. நேரம் 5 மணி. 'இவர் பாஸ் லெவலுக்கு மேலேதான்' அல்லது 'கீழேதான்'னு 95 சதவிகிதம் உறுதியானதும் கம்ப்யூட்டர் சட்டுனு நின்னுடும். 85-வது கேள்வியில் திரை அணைஞ்சா அது சூப்பர் பாஸாவும் இருக்கலாம், சுத்த ஃபெயிலாவும் இருக்கலாம். பி.பி. எகிறுமா எகிறாதா?

அடுத்தது வார்டு வேலை. சில யுனிவர்சிட்டிகள் அனுபவமே இல்லாமலும் மேல்படிப்புக்கு எடுத்துக்கும். ஆனா நிறையப் பேர் சில வருஷம் ஆஸ்பத்திரியில் டூட்டி பார்த்துட்டுத்தான் போறாங்க. அதுக்கப்புறம் மாஸ்டர்ஸ் அல்லது டாக்டரேட். 2015-க்குள்ளே எல்லா என்.பி.யும் டாக்டரேட் ஆகணும்னு அங்கே நர்சிங் கல்லூரிகளின் சங்கம் 2004-ல் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுச்சு. அது நடக்கலை. இன்னிக்கும் மாஸ்டர்ஸ் போதும்.

படிப்பில் மூணு பாடம்தான் முதுகெலும்பு. உடம்புக்குள்ளே நோய் எப்படி வேலை செய்யுதுங்கிறது ஒண்ணு. உச்சி முதல் பாதம் வரை எப்படிப் பரிசோதிக்கிறதுங்கிறது ரெண்டு. மருந்துகள் மூணு. கூடவே, யாரைப் பார்க்கப் போறோம்னு முதல்லயே முடிவு பண்ணணும். எல்லா வயசுக்கும் சேர்த்து குடும்ப மருத்துவம், பெரியவங்க, குழந்தைங்க, பச்சிளம் குழந்தைங்க, பெண்கள் நலம், மனநலம்னு ஆறு பிரிவு. நம்ம ஊர்ல மெக்கானிக்கலா, கம்ப்யூட்டரான்னு முழிக்கிற மாதிரிதான். ஆனா இங்கே மெக்கானிக்கல் படிச்சுட்டு சாஃப்ட்வேருக்குத் தாவலாம். அங்கே குழந்தைகள் பிரிவு படிச்சவங்க தாத்தாவுக்கு மருந்து எழுத முடியாது. மாத்திக்கணும்னா மறுபடி படிச்சு, மறுபடி பரீட்சை எழுதணும்.

கிளாஸ் முடிஞ்சா ஃபீல்டு. அனுபவமுள்ள என்.பி. அல்லது டாக்டர் ஒருத்தர் கூடவே நின்னு நோயாளிகளைப் பார்க்கணும். இதுக்குக் குறைந்தபட்சம் 500 மணி நேரம்னு இருந்த கணக்கை 2022-ல் 750 ஆக்கிட்டாங்க. எல்லாம் முடிஞ்சதும் தேசிய அளவில் ஒரு பரீட்சை, பிறகு மாநில லைசென்ஸ். அதோட விட்டுச்சுன்னு நினைக்காதீங்க. பெரும்பாலும் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்கணும்.

ஒரு காதுவலி, நாலு கேள்வி

'அதான் ஏற்கெனவே நர்ஸாச்சே, புதுசா என்ன கத்துக்கப் போறாங்க?'ன்னு கேட்கிறீங்களா? ஒரு சின்ன காதுவலியை எடுத்துக்குவோம்.

மூணு வயசுக் குழந்தை. ராத்திரி முழுக்கக் காதைப் பிடிச்சுட்டு அழுகை. நர்ஸா இருந்தா காய்ச்சல் எவ்வளவுன்னு பார்த்துக் குறிச்சு வைப்பாங்க. டாக்டர் எழுதின மருந்தைச் சரியான அளவில், சரியான நேரத்தில் கொடுப்பாங்க. ஏதாவது மாறினா உடனே டாக்டருக்குச் சொல்வாங்க. இதுவே லேசுப்பட்ட வேலை இல்லை. எழுதினதில் தப்பு இருந்தா பிடிக்கிறதும் அவங்கதான்.

என்.பி. ஆனதும் நாற்காலி மாறுது. காதுக்குள்ளே கருவியை விட்டுப் பார்க்கணும். செவிப்பறை சும்மா சிவந்திருக்கா, அழுததால் சிவந்ததா, பின்னாடி சீழ் கோத்துப் புடைச்சிருக்கா? அடுத்து, ஆன்டிபயாடிக் வேணுமா? எல்லா காதுவலிக்கும் வேண்டாம். ஓரளவு வளர்ந்த குழந்தை, காய்ச்சல் அதிகமில்லை, வலி கடுமையா இல்லைன்னா, வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து ரெண்டு மூணு நாள் கவனிச்சுப் பார்க்கலாம். கொடுக்கிறதுன்னு முடிவு பண்ணினா எடைக்குத் தகுந்த அளவு எவ்வளவு? இந்தக் குழந்தைக்கு முன்னாடி பென்சிலின் ஒத்துக்காமப் போயிருக்கா?

இதுக்கு நடுவுல, 'மருந்து எழுதாம அனுப்புறீங்களே'ன்னு முறைக்கிற அப்பாவுக்கும் பதில் சொல்லணும். கடைசியா ஒரு கேள்வி பாக்கி இருக்கு. இது வெறும் காதுவலிதானா? கழுத்து விறைப்பா இருக்கா, காதுக்குப் பின்னால எலும்புப் பக்கம் வீங்கியிருக்கா? அப்படின்னா இது தன் கையில் வெச்சுக்கிற கேஸ் இல்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்.

சொன்னதைச் செய்யறதிலிருந்து, என்ன செய்யணும்னு முடிவெடுக்கிறதுக்குத் தாவுறதுதான் மொத்தப் படிப்பும். அதுலயும் கஷ்டமான பகுதி மருந்துப் பேரை மனப்பாடம் பண்றது இல்லை. 'இது என் எல்லைக்குள்ளே இல்லை'ன்னு சரியான நேரத்தில் சொல்லத் தெரியறது. சீக்கிரம் சொன்னா பயந்தாங்கொள்ளின்னு பேராகும். லேட்டா சொன்னா ஒரு உயிர்!

பைஜாமா டைம்

வேலை எப்படி இருக்கும்? குடும்ப கிளினிக்கில் இருக்கிற ஒரு என்.பி.க்கு 15, 20 நிமிஷத்துக்கு ஒரு நோயாளி. காலையில் சர்க்கரை நோய்க்கார பாட்டி. அடுத்து ஸ்கூல் பையனுக்குத் தடுப்பூசி. அப்புறம் முதுகுவலின்னு வந்து உட்கார்ந்து, பத்து நிமிஷம் கழிச்சு 'தூக்கமே வரலை, வாழவே பிடிக்கலை'ன்னு உடைஞ்சு அழுகிற நடுவயசுக்காரர். அவருக்கு 15 நிமிஷம் போதுமா? போதாது. வெளியே அஞ்சு பேர் வாட்சைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க.

நோயாளி போனதும் வேலை முடியாது. பார்த்தது, கேட்டது, முடிவெடுத்தது எல்லாத்தையும் கம்ப்யூட்டரில் ஏத்தணும். லேப் ரிசல்ட் வந்து குவியும். ஒவ்வொண்ணையும் திறந்து பார்த்து, சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் சொல்லணும். 'இந்த மருந்துக்கு நாங்க ஏன் காசு கொடுக்கணும்?'னு இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும், விளக்கம் எழுதணும். பகலில் முடியாம, ராத்திரி சாப்பிட்டுட்டு வீட்டில் லேப்டாப்போட உட்காருவாங்க. இதுக்கு அங்கே செல்லமா ஒரு பேரே வெச்சிருக்காங்க... 'பைஜாமா டைம்'! டாக்டர்களுக்கும் இதே கதிதான்.

எல்லோரும் கிளினிக்கில் இருக்கிறதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் 12 மணி நேர ஷிப்ட் பார்க்கிறவங்க இருக்காங்க. உள்ளங்கை அளவு குறைமாசக் குழந்தைகளைக் கவனிக்கிறவங்க இருக்காங்க. வீடியோ காலிலேயே மனநல சிகிச்சை தர்றவங்க, முதியோர் இல்லங்களுக்குப் போய் ரவுண்ட்ஸ் பார்க்கிறவங்களும் உண்டு. 2000-ல் மின்னியாபோலிஸ் பகுதியில் ஒரு புது ஐடியா வந்தது. கடைக்குள்ளேயே சின்ன கிளினிக், உள்ளே ஒரு என்.பி. அதுதான் பிற்பாடு 'மினிட்கிளினிக்' ஆச்சு. 2006-ல் சி.வி.எஸ். மருந்துக்கடை நிறுவனம் அதை வாங்கிடுச்சு. ஷாம்பு வாங்கப் போற இடத்திலேயே தொண்டைவலிக்கும் பார்த்துட்டு வரலாம்!

100 ரூபாய் வேலைக்கு 85 ரூபாய்

இப்போ எல்லோரும் எதிர்பார்த்த கேள்வி. துட்டு எவ்வளவு பாஸ்?

அமெரிக்க அரசின் 2023 கணக்குப்படி, என்.பி.க்களில் பாதிப் பேர் வருஷத்துக்கு 1,26,260 டாலருக்கு மேலே வாங்கியிருக்காங்க. சாதாரண ரெஜிஸ்டர்டு நர்ஸுக்கு அதே கணக்கு 86,070 டாலர். நம்ம ரூபாய்க்கு மாத்திப் பார்த்து மயங்காதீங்க. அங்கே வீட்டு வாடகை, படிப்புக் கடன் எல்லாமும் டாலரில்தான்.

சுவாரஸ்யம் அதில் இல்லை. மெடிகேர் திட்டத்தில் ஒரு நோயாளியை டாக்டர் பார்த்தா 100 டாலர்னு வெச்சுக்குங்க. அதே நோயாளியை, அதே வியாதிக்கு என்.பி. தன் பேரில் பார்த்தா 85 டாலர்தான். சட்டமே அப்படி.

இதில் ஒரு டிவிஸ்ட் இருக்கு. டாக்டர் முதலில் பார்த்துச் சிகிச்சையைத் தொடங்கி, அவர் அதே கிளினிக்கில் இருக்கும்போது என்.பி. அதைத் தொடர்ந்தா, பில்லை டாக்டர் பேரில் போடலாம். அப்போ முழு 100-ம் கிடைக்கும்! கிளினிக் முதலாளி எதை விரும்புவார்? சொல்லணுமா? பார்த்தது ஒருத்தர், கணக்கில் இருக்கிறது இன்னொருத்தர் பேர். வருஷக் கடைசியில் என்.பி.க்கள் எத்தனை பேரைப் பார்த்தாங்கன்னு கணக்கெடுத்தா, அவங்க வேலையில் ஒரு பகுதி காகிதத்திலேயே இருக்காது. நீங்க ராப்பகலா உட்கார்ந்து பண்ணின ப்ராஜெக்ட்டில் டீம் லீடர் பேர் மட்டும் பிரின்ட் ஆன மாதிரி. கையெழுத்து முக்கியம்னு நான் ஏன் சொன்னேன்னு இப்போ புரியுதா?

70 கிலோமீட்டரில் மாறுற சட்டம்

டெக்சாஸ் மாநிலத்தின் ஓரத்தில் எல் பாசோன்னு ஒரு நகரம். அங்கிருந்து ஹைவேயில் சுமார் 70 கிலோமீட்டர் போனா லாஸ் க்ரூசஸ். அது நியூ மெக்சிகோ மாநிலம். நம்ம சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் உள்ள தூரம்தான்.

லாஸ் க்ரூசஸில் ஒரு என்.பி. சொந்தமா கிளினிக் திறந்து, தானே நோயைக் கண்டுபிடிச்சு, தன் பேரிலேயே மருந்து எழுதலாம். எல் பாசோவில் மருந்து எழுதணும்னா ஒரு டாக்டரோட எழுத்து மூலமா ஒப்பந்தம் போட்டிருக்கணும். அந்த டாக்டர் குறிப்புகளை அவ்வப்போது சரிபார்க்கணும். ஒப்பந்தத்துக்கு மாசாமாசம் டாக்டருக்குக் கட்டணம் கட்டுற என்.பி.க்களும் இருக்காங்க. டாக்டர் வேற ஊருக்கு மாறிட்டா? அடுத்த டாக்டர் கிடைக்கிற வரை மருந்து எழுத முடியாது. ஆள் அதேதான், படிப்பு அதேதான், பரீட்சையும் அதேதான். மாநில எல்லைக் கோடு மட்டும் நடுவில்.

அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இப்போ நியூ மெக்சிகோ வழியில் முழு அதிகாரம் கொடுத்தாச்சு. சில மாநிலங்கள் நடுவழியைப் பிடிச்சிருக்கு. நியூயார்க்கில் 3,600 மணி நேரம் வேலை பார்த்த அனுபவம் இருந்தா டாக்டர் ஒப்பந்தம் இல்லாமலே பார்க்கலாம்னு 2022-ல் கொண்டு வந்தாங்க.

டாக்டர்கள் கேட்கிறதிலும் நியாயம் இருக்கே!

ஒரு பக்கம் மட்டும் பேசினா அது நம்ம பகுதி இல்லையே. டாக்டர்கள் என்ன சொல்றாங்க? 'நாங்க டிகிரிக்கு அப்புறம் மெடிக்கல் காலேஜில் நாலு வருஷம், அதுக்கு மேலே குறைந்தது மூணு வருஷம் ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்து பயிற்சி எடுக்கிறோம். 750 மணி நேரமும் அதுவும் ஒண்ணா? நூறு பேருக்குச் சாதாரண தலைவலி, நூத்தியோராவது ஆளுக்கு மூளையில் கட்டி. அந்த ஒருத்தரைப் பிடிக்கத்தான் எங்களுக்கு அத்தனை வருஷம்.' அமெரிக்க மருத்துவச் சங்கம் இன்னிக்கும் இதைச் சொல்லித்தான் எதிர்க்குது.

இதுக்கு ஆராய்ச்சி பதில் சொல்லியிருக்கு. 2000-ம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நியூயார்க்கில் 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிச்சு, சிலரை டாக்டரிடமும் சிலரை என்.பி.யிடமும் அனுப்பினாங்க. ரெண்டு தரப்புக்கும் ஒரே மாதிரி அதிகாரம். ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தப்போ நோயாளிகளின் உடல்நிலையில் குறிப்பிடும்படியா வித்தியாசம் இல்லை. இதை வெளியிட்டது யார் தெரியுமா? அதே அமெரிக்க மருத்துவச் சங்கத்தோட பத்திரிகை!

ஆனா ஒண்ணு. அது வழக்கமான ஓ.பி. சிகிச்சையைப் பத்தின ஆராய்ச்சி, அதுவும் ஒரே நகரத்தில். சிக்கலான அறுவை சிகிச்சை வார்டுக்கும் அதையே பொருத்திப் பார்க்க முடியாது. படிப்பிலும் ஓட்டைகள் இருக்கு. ஆன்லைனில் பாடம் நடத்திட்டு, 'ட்ரெயினிங் தர்ற ஆளை நீயே தேடிக்கோ'ன்னு கைவிரிக்கிற கோர்ஸ்கள் அங்கே உண்டு. மாணவர்கள் ஒவ்வொரு கிளினிக்கா போன் போட்டுக் கெஞ்சணும். சிலர் காசு கொடுத்து ஆள் பிடிக்கிறாங்க. ப்ராஜெக்ட்டுக்கு கைடு தேடுற கொடுமை நமக்குத் தெரியாததா? ஆனா நம்ம ப்ராஜெக்ட் சொதப்பினா யாருக்கும் ஒண்ணும் ஆகாது.

இதைச் சரிக்கட்ட என்.பி.க்கள் தரப்பிலேயே ஒரு முயற்சி நடந்திருக்கு. 2007-ல் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு சமூக சுகாதார மையம், புதுசா பாஸ் பண்ணின என்.பி.க்களுக்கு டாக்டர்கள் மாதிரியே ரெசிடென்ஸி பயிற்சியை ஆரம்பிச்சது. அதைப் பார்த்து மத்த இடங்களிலும் தொடங்கினாங்க. ஆனா இது கட்டாயம் இல்லை. என்னைக் கேட்டா, கையெழுத்து உரிமைக்காகப் போராடுற வேகத்திலேயே இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கவும் போராடணும். ரெண்டும் ஒண்ணா வந்தாத்தான் நோயாளிக்கு லாபம்.

நம்ம ஊர் நிலவரம்

'இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன?'ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. நர்ஸ் பிராக்டிஷனர் இந்தியாவுக்கும் வந்தாச்சு.

இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை 2016 வாக்கில் கொண்டு வந்தது. ரெண்டு வருஷ எம்.எஸ்சி. பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு, குறைந்தது ஒரு வருஷம் வேலை பார்த்திருக்கணும். பெரும்பகுதி நேரம் கிளாஸ்ரூமில் இல்லை, ஐ.சி.யூ.வில்தான். 2017-ல் வந்த தேசிய சுகாதாரக் கொள்கையும் நர்ஸ் பிராக்டிஷனர்னு தனிப் பணிப் பிரிவே உருவாக்கணும்னு சொன்னது. 2018 டிசம்பரில், சிக்கலில்லாத பிரசவங்களைத் தாங்களே பொறுப்பெடுத்துப் பார்க்கிற மாதிரி, பிரசவத்துக்கான நர்ஸ் பிராக்டிஷனர் திட்டத்தையும் மத்திய அரசு அறிவிச்சது. அதுக்குப் பயிற்சி 18 மாசம்.

சண்டையும் கூடவே வந்துடுச்சு. 2019-ல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தப்போ, அதில் 32-வது பிரிவு ஞாபகம் இருக்கா? டாக்டர் அல்லாத இடைநிலை மருத்துவப் பணியாளர்களுக்கு, ஆரம்ப சுகாதாரத்தில் மட்டும், குறிப்பிட்ட சில மருந்துகளை எழுத உரிமம் கொடுக்கலாம்னு சொன்ன பிரிவு. நாடு முழுக்க டாக்டர்களும் மெடிக்கல் மாணவர்களும் தெருவுக்கு வந்து போராடினாங்க. போலி டாக்டர்களுக்குக் கதவைத் திறந்து விடுறீங்களான்னு கேட்டாங்க. கிராமத்துக்கு டாக்டர் வரலைன்னா என்னதான் வழின்னு அரசு திருப்பிக் கேட்டது. 1965-ல் கொலராடோவில் நடந்த அதே வாக்குவாதம்!

இங்கே ஐ.சி.யூ. நர்ஸ் பிராக்டிஷனரால் அமெரிக்கா மாதிரி தன் இஷ்டத்துக்கு மருந்து எழுத முடியாது. ஆஸ்பத்திரி முன்கூட்டியே எழுதி வெச்சிருக்கிற நிலையான உத்தரவுகளுக்கு உட்பட்டு செயல்படலாம், அவ்வளவுதான். ஆரம்பத்துக்கு அது நியாயமான ஏற்பாடுன்னுகூடச் சொல்லலாம். என் கேள்வி வேற. ரெண்டு வருஷம் ஐ.சி.யூ.வில் கிடந்து படிச்சுட்டு வெளியே வர்றவங்களுக்கு, அந்தப் பேரிலேயே ஒரு பதவி, அதுக்கேத்த சம்பளம், 'இது வரைக்கும் நீங்க முடிவெடுக்கலாம்'னு தெளிவான ஒரு கோடு இருக்கா? அது இல்லாத ஆஸ்பத்திரியில் அவங்க மறுபடியும் பழைய டூட்டி சார்ட்டுக்குத்தான் போகணும்.

யோசிச்சுப் பாருங்க. ராத்திரி ரெண்டு மணி, ஐ.சி.யூ.வில் ஒருத்தருக்கு பி.பி. இறங்குது. முதலில் கவனிக்கிறது சிஸ்டர்தான். என்ன பண்ணணும்னும் அவங்களுக்குத் தெரியும். டூட்டி டாக்டர் வேற வார்டில் இன்னொரு எமர்ஜென்சியில் இருக்கார். அந்தச் சில நிமிஷத்தில் அவங்க என்ன பண்ணலாம், என்ன பண்ணக் கூடாதுங்கிறது காகிதத்தில் தெளிவா இருந்தா நோயாளிக்கும் பாதுகாப்பு, அவங்களுக்கும் பாதுகாப்பு. இல்லைன்னா நல்லது நடந்தா யாருக்கும் தெரியாது. கெட்டது நடந்தா பழி மட்டும் அவங்க தலையில். பொறுப்பை மட்டும் கொடுத்துட்டு பேனாவைக் கொடுக்காம இருக்கிறது எந்த ஊர் நியாயம்?

நுழையறதுக்கு முன்னாடி... ஒரு நிமிஷம்!

நர்சிங் படிக்கிற ஃப்ரெண்ட்ஸ், இது உங்களுக்கு.

* இங்கே தீவிர சிகிச்சைப் படிப்பில் சேர்றதா இருந்தா, அந்தக் கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அனுமதி இருக்கான்னு முதலில் பாருங்க. அப்புறம், இதுக்கு முன்னாடி முடிச்சவங்களைத் தேடிப் பிடிச்சு, 'இப்போ என்ன வேலை பார்க்கிறீங்க?'ன்னு கேளுங்க. பளபள புரோஷர் சொல்லாததை அவங்க சொல்வாங்க.

* அமெரிக்கா கனவா? என்க்ளெக்ஸை இந்தியாவிலேயே எழுதலாம். ஆனா அது உங்களை ரெஜிஸ்டர்டு நர்ஸ் மட்டும்தான் ஆக்கும். என்.பி. ஆகணும்னா, மேலே சொன்ன மாஸ்டர்ஸ், பரீட்சை, மாநில லைசென்ஸ் எல்லாம் அங்கே முடிக்கணும். 'நேரா என்.பி. ஆக்குறோம்'னு ஏஜென்சி யாராவது சொன்னா, பர்ஸைப் பத்திரமா வெச்சுக்கிட்டு எழுந்து வந்துடுங்க.

* அங்கே போற முடிவானா, எந்த மாநிலம்னு பார்த்துப் போங்க. எல் பாசோ - லாஸ் க்ரூசஸ் கதை ஞாபகம் இருக்கட்டும்.

* வார்டு அனுபவத்தைக் குறுக்குவழியில் தாண்டாதீங்க. நோயாளி முகத்தைப் பார்த்தே 'ஏதோ சரியில்லை'ன்னு உள்ளே ஒரு மணி அடிக்கும் பாருங்க, அது எந்த சிலபஸிலும் கிடையாது.

நர்சிங் படிக்காத நமக்கு? அடுத்த தடவை ஆஸ்பத்திரி போறப்போ 'சிஸ்டர், டாக்டர் எப்போ வருவார்?'னு கேட்கிறதுக்கு முன்னாடி, 'சிஸ்டர், நீங்க பார்த்ததில் எப்படி இருக்கார்?'னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. எட்டு மணி நேரமா கட்டில் பக்கத்திலேயே நிற்கிறவங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

ஓகே ஃப்ரெண்ட்ஸ், அடுத்த வாரம் 108 ஆம்புலன்ஸ் பின்கதவைத் திறந்துட்டு முதல் ஆளா குதிக்கிறாரே, அவரைப் பத்திப் பார்ப்போம். இன்டர்னல் எக்ஸாம் இருக்கிறவங்க முதலில் போய்ப் படிங்கப்பா!